வாய் மூட்டை

கம்பெனி கேட்டை விட்டு வெகுதூரம் நடந்து வந்த பிறகும் வாட்ச்மேனின் சிரிப்பு காதை விட்டுப் போகவில்லை. விம்கோ நகரிலிருந்து எண்ணூர் போகிற சாலையில் வடக்கே போய்க்கொண்டிருந்தேன். வலப்பக்கம் கடலுக்குக் கொட்டிய கருங்கற்கள். இடப்பக்கம் நகராமல் நிற்கிற கன்டெய்னர் லாரிகள். இரண்டு லாரிக்கு நடுவில் ஸ்டவ் பற்றவைத்து டிரைவர்கள் சோறு பொங்கிக்கொண்டிருந்தார்கள். என் கையில் ஒரு பிளாஸ்டிக் கவர், அதற்குள் செங்கல் நிறத்தில் ஒரு பொடி. என் அக்கா காலையும் மாலையும் வெந்நீரில் கலக்கிக் குடிக்கிற மருந்து அது. அதில் ஈயம் இருக்கிறது என்று சொல்லப் போனவனை உள்ளே உட்கார வைத்து, குடிக்கத் தண்ணீர் கொடுத்து, சிரித்து அனுப்பிவிட்டார்கள்.

அடித்திருந்தால்கூட அவ்வளவு கோபம் வந்திருக்காது. அடி எனக்குப் பழக்கம். துறைமுகத்தில் மூட்டை தூக்கினேன், காசிமேட்டில் ஐஸ் உடைத்தேன், விசாகப்பட்டினம் லாரியில் கிளீனராகப் போனேன். எல்லா இடத்திலும் யாராவது ஒருவன் கை நீட்டியிருக்கிறான், நானும் நீட்டியிருக்கிறேன், அதோடு தீர்ந்துபோகும். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். எந்த வேலையிலும் ஒரு மழைக்காலத்துக்கு மேல் தங்கியதில்லை. ஊர் சலித்துத் திரும்பும்போதெல்லாம் எர்ணாவூர் குடியிருப்பில் அக்கா வீட்டில்தான் படுப்பேன். ஏன் வந்தாய் என்று அவள் கேட்க மாட்டாள். தட்டை என் பக்கம் நகர்த்துவாள்.

இந்த முறை வந்தபோது தட்டை இடது கையால் நகர்த்தினாள்.

வலது கை மணிக்கட்டிலிருந்து தொங்கிக்கொண்டிருந்தது. விரல் மடக்க வந்தது, கையை நிமிர்த்த வரவில்லை. முகம் வெளுத்து, கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் குந்திக்கொள்வாள், வலி விட்டதும் எழுந்து மறுபடி அடுப்பைப் பார்ப்பாள்.

"இன்னாக்கா கையி?"

"ரத்தம் கம்மியாப் பூடுச்சாம். அதான் பொடி துன்னுகினு கீறேன். சரியாப் பூடும்."

அந்தப் பொடியை அடைக்கிற வேலைதான் அவளுக்கு. மாமா வேறொரு குடும்பத்தோடு பழவேற்காட்டுப் பக்கம் போய்விட்ட பிறகு அவள் சேர்ந்த வேலை. விம்கோ நகரில் ஒரு நீளமான ஷெட். நாட்டு மருந்துக் கம்பெனி. பொம்பளைகள் வரிசையாக உட்கார்ந்து பொடியைச் சலித்து டப்பாவில் அடைப்பார்கள். அதிகம் விற்பது இந்த ரத்தப்பொடிதான். இலை, பட்டை, காவிக்கல் எல்லாம் சேர்ந்தது. காவிக்கல் சேர்ந்ததால் சிவப்பு. எல்லாவற்றையும் வெளியே ஒரு மில்லில் கொடுத்து அரைத்து வாங்குவார்கள்.

மில்லிலிருந்து ஒவ்வொரு லோடு வரும்போதும் ஒரு மூட்டை தனியாக வரும். வாய் மூட்டை என்று அதற்குப் பெயர். மில்லின் வாயிலிருந்து முதலில் விழுகிற பொடி. அதை டப்பாவில் அடைக்க மாட்டார்கள். சனிக்கிழமை வேலை முடிந்ததும் சூப்பர்வைசர் அதைப் பொம்பளைகளுக்குக் கவரில் போட்டுக் கொடுப்பார். மற்ற மூட்டைகளைவிட அதன் சிவப்பு தூக்கலாக இருக்கும். முதல் பொடிக்குத்தான் வீரியம் அதிகம், சூடு ஆறாத பொடி, ரத்தம் மாதிரியே சிவந்திருக்கிறது பார் என்று அவர்களுக்குள் ஒரு பேச்சு. அதற்காக அடித்துக்கொள்வார்கள். மூத்தவளுக்கு முதல் கவர் என்று முறை வைத்திருந்தார்கள். அக்காதான் மூத்தவள்.

டப்பா வாங்கித் தின்கிற பணக்காரிகளுக்குக் கிடைக்காதது தனக்குக் கிடைக்கிறது என்று அவளுக்கு ஒரு பெருமை. 

பெரிய ஆஸ்பத்திரிக்கு அவளை இழுத்துக்கொண்டு போனேன். வரிசையில் நின்று, வேறு வரிசைக்கு அனுப்பப்பட்டு, கடைசியில் ஒரு சின்ன வயசு டாக்டரம்மா பார்த்தார். அக்காவின் உதட்டை விலக்கி, ஈறில் ஓடிய நீலக் கறுப்புக் கோட்டைப் பார்த்ததும் அவர் பேச்சு மெதுவானது.

"பேட்டரி கம்பெனில வேலை செய்றீங்களா?"

"இல்லீங்கோ."

"பெயின்ட்?"

"மருந்துக் கம்பெனிங்கோ" என்றாள் அக்கா, நிமிர்ந்து உட்கார்ந்து.

ரத்தம் எடுத்தார்கள். முடிவு வந்த அன்று டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, ரத்தத்தில் ஈயம் ஏறியிருக்கிறது, நிறையவே ஏறியிருக்கிறது என்றார். கை தொங்குவது, வயிற்று வலி, ரத்தம் குறைவது எல்லாம் அதனால்தான். உடம்பிலிருந்து ஈயத்தை இறக்க மருந்து இருக்கிறது, படுக்க வைத்துப் பார்க்க வேண்டும். "ஆனா அது எந்த வழியா உள்ள போகுதுன்னு கண்டுபிடிச்சு மொதல்ல நிறுத்துங்க. ஒரு பக்கம் நாங்க இறக்க, ஒரு பக்கம் அவங்க ஏத்திக்கிட்டிருந்தா என்ன பிரயோஜனம்?"

நான் பொடியைச் சொன்னேன். அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. படுக்கவும் மாட்டேன் என்றாள். படுத்தால் ஷெட்டில் அவள் இடத்தில் வேறொருத்தி உட்கார்ந்துவிடுவாள். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக வெந்நீர் வைத்தாள். கை மோசமாக இருக்கிறதே என்று ஒரு கரண்டி கூடவே போட்டுக் கலக்கினாள். என் கண் முன்னாலேயே.

பொடியைச் சோதித்துத் தரச் சொல்லி அலைந்தேன். ஆஸ்பத்திரியில் மனுஷ ரத்தம்தான் பார்ப்பார்களாம், பொடி பார்க்க மாட்டார்களாம். மருந்துகளைக் கண்காணிக்கிற அலுவலகத்துக்குப் போகச் சொன்னார்கள். அங்கே ஒருவர் கவரை வாங்கிப் பார்த்துவிட்டு மேஜையின் என் பக்கத்து ஓரத்தில் வைத்தார்.

"சீல் உடைக்காத டப்பா கொண்டாங்க. இது என்னன்னு எங்களுக்கு எப்படித் தெரியும்?"

"இத டப்பால போட்டு விக்கறதில்ல சார். வேலை செய்றவங்களுக்குச் சும்மாக் கொடுக்கறாங்க."

"விக்காத பொருளுக்கு நாங்க சாம்பிள் எடுக்க முடியாதுங்க."

விற்றால் மருந்து. சும்மாக் கொடுத்தால் அது என்ன? அவரிடம் கேட்டேன். அவர் அடுத்த ஆளைப் பார்த்தார்.

சாத்தாங்காட்டில் பழைய இரும்பு எடுக்கிற யார்டில் எனக்கு ஒரு தோஸ்து. நானும் அவனும் ஒரு காலத்தில் கப்பல் சங்கிலி இழுத்தவர்கள். அந்த யார்டில் துப்பாக்கி மாதிரி ஒரு கருவி வைத்திருந்தார்கள். அதன் மூக்கை ஒரு உலோகத்தில் வைத்து விசையை அழுத்தினால் எக்ஸ்ரே பாய்ந்து, செம்பு எவ்வளவு, நிக்கல் எவ்வளவு என்று திரையில் வரிசையாகக் காட்டும். எவர்சில்வரில் நல்லது எது, மட்டம் எது என்று பிரிக்க அது. வேறு யாரும் பார்க்க மாட்டேன் என்றதும் எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது.

"இன்னா மாமு, மூக்குப்பொடி கொண்டாந்துகீற?"

"அக்கா துன்ற மருந்துடா. ஈயம் கீதான்னு பாரு."

"மருந்துல ஈயமா? உன் தலைக்குள்ளதான் கீது ஈயம்" என்று சொல்லிக்கொண்டே கவரின் மேல் கருவியின் மூக்கை வைத்து அழுத்தினான். கொஞ்ச நேரம் முனகிவிட்டுத் திரை நின்றது. முதல் வரியிலேயே ஈயம். பாதிக்கு மேலே. இரும்பெல்லாம் அதற்குக் கீழே.

"டேய்! இத்த மருந்துன்னு எவன்டா சொன்னான்? ஒரு லோடு கீதா சொல்லு, ஈய வெலைக்கே எடுத்துக்கறேன்."

சிரித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தான். சிரிப்பை நிறுத்திவிட்டுக் கருவியைத் துணியால் துடைத்தான். கடையில் வாங்கிய ஒரு டப்பாவையும் கொண்டுபோயிருந்தேன். அதைத் திறந்து பார்த்தபோது இரும்புதான் முழுக்க. காவிக்கல் இரும்புதானே. ஈயம் கடைசி வரியில் ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. இரண்டு திரையையும் போனில் படம் எடுத்துக்கொண்டேன். கையில் ஆதாரம் இருக்கிறது என்ற திமிரோடு மறுநாள் மதியம் கம்பெனிக்குள் நுழைந்தேன்.

கெமிஸ்ட் என்னைவிட வயசில் சின்னவர். மரியாதையாகத்தான் பேசினார். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"இது எங்க எடுத்தீங்க?"

"இரும்பு யார்டுல."

"அதான். இந்த மெஷின் உலோகத்துக்கு. வச்ச பொருள் முழுக்க உலோகம்னு நெனச்சுக்கிட்டு அதையே நூறு பங்காப் பிரிச்சுக் காட்டும். இலை, பட்டை எதுவும் இதுக்குத் தெரியாது. உங்க கைமேல வச்சாக்கூட உங்களையும் ஏதாவது உலோகம்னு காட்டும்."

பக்கத்தில் நின்ற சூப்பர்வைசர், "அப்போ இவர எடைக்குப் போட்டுடலாம் சார்" என்றார். வாசலில் இருந்து வாட்ச்மேன் சிரித்தார். கெமிஸ்டும் வாயைப் பொத்திக்கொண்டார்.

அவர் சொன்னது உண்மை. பின்னால் தோஸ்து யாரிடமோ கேட்டுச் சொன்னான். மண்ணுக்கும் பொடிக்கும் அந்தக் கருவியில் வேறு முறை இருக்கிறதாம், யார்டில் யாரும் அதைத் திறந்ததே இல்லையாம். பாதிக்கு மேல் ஈயம் என்பது தப்புக் கணக்கு. ஆனால் அக்காவின் கை தொங்குவது தப்புக் கணக்கு இல்லையே. ஒரு சின்ன உண்மையைக் கையில் வைத்துக்கொண்டு பெரிய உண்மையை மூடுகிற வித்தையை அன்றுதான் நேரில் பார்த்தேன்.

"சரி சார், பாதி இல்ல. கொஞ்சமாவது இருக்கா இல்லையா?"

"எங்க சரக்குல பயப்படற அளவுக்கு எதுவும் இல்ல. ஒவ்வொரு லோடும் டெஸ்டுக்குப் போகுது. உங்க டப்பாவுல என்ன பேட்ச் நம்பர்?"

"டப்பா இல்ல சார். சனிக்கிழமை கொடுக்கறது."

"ஓ, வாய் மூட்டையா?" என்றார். குழப்பம் தீர்ந்த நிம்மதி அவர் முகத்தில். "அத டெஸ்டுக்கு அனுப்பறதில்ல. அது மில்லைக் கழுவி வர்ற பொடிங்க. மில்லுல முன்னால எது அரைச்சிருந்தாலும் அந்த மூட்டையோட வந்துடும். அதனாலதான் நாங்க விக்கறதே இல்ல."

மழை வருகிற மாதிரி இருக்கிறது என்று சொல்வோமே, அந்தக் குரலில் சொன்னார்.

"தெரிஞ்சேதான் பொம்பளைங்களுக்குக் கொடுக்கறீங்களா?"

கெமிஸ்ட் சூப்பர்வைசரைப் பார்த்தார். சூப்பர்வைசர், "அவங்களே கேட்டுச் சண்டை போட்டு வாங்கிக்கறாங்கப்பா. நாங்க யார் வாயிலயும் திணிக்கல" என்றார். வாட்ச்மேன் என் தோளைத் தொட்டு வெளியே கூட்டிவந்து விட்டார். "எடைக்குப் போறதுன்னா சொல்லு நைனா, நல்ல வெலை வாங்கித் தரேன்" என்று கேட்டுக்குள் நின்று சொன்னார்.

அந்தச் சிரிப்போடுதான் நடந்தேன். எதிர்க்காற்று உப்பாக அடித்தது. வள்ளூர்ப் பக்கத்து அனல்மின் நிலையப் புகைபோக்கிகள் தூரத்தில் தெரிந்தன. இந்தப் பக்கத்துக் காற்றில் எது கலந்தாலும் நாங்கள் சுவாசிக்கிறோம், தண்ணீரில் எது விட்டாலும் அதில் மீன் பிடிக்கிறோம். யாரும் கேட்டுக் கொடுப்பதில்லை. இதுவாவது கையில் கொடுத்தது, அன்போடு கொடுத்த மாதிரி கொடுத்தது. அதுதான் தாங்கவில்லை.

முன்னால் எது அரைத்திருந்தாலும் என்றாரே, எது அரைத்தார்கள்? மில் எங்கே இருக்கிறது என்று அக்கா பேச்சில் கேட்டிருந்தேன். தண்டவாளத்தைத் தாண்டி உள்ளே திரும்பினேன்.

தகரக் கொட்டகை. உள்ளே இருந்த எல்லாவற்றின் மேலும் பொடி. எந்த நிறம் என்று சொல்ல முடியாத பொடி. மேஸ்திரியின் புருவம்கூட அதே நிறத்தில் இருந்தது. கூலிக்கு அரைக்கிற மில். மாக்கல், சுண்ணாம்பு, மரக்கரி, யார் எதைக் கொண்டுவந்தாலும் அரைத்துக் கொடுப்பார்கள். அன்றைக்கு ஓடிக்கொண்டிருந்தது ஆரஞ்சு நிறத்தில் கட்டி கட்டியாக ஒன்று. ஒரு ஆள் அதைச் சம்மட்டியால் உடைத்து மில்லில் போட்டுக்கொண்டிருந்தான்.

"இன்னா மேஸ்திரி இது?"

"பெயின்ட் கம்பெனியோடது, மாசா மாசம் வரும். கோணில ஈரம் பட்டு கல்லாப் பூடுச்சி. திருப்பி அரைச்சுக் கொடுக்கணும்."

"இன்னா பெயின்ட்டு?"

"இரும்புக்கு மொத கோட்டு அடிப்பாங்கோ பாரு, துருப் பிடிக்காம. ஈயச் செந்தூரம். நாளைக்கு இது முடிஞ்சிரும். அப்பால மருந்து லோடு."

கீழே கிடந்த ஒரு கட்டியை எடுத்தேன். எலுமிச்சம்பழம் அளவுதான் இருக்கும். அந்த அளவுக்கு இருக்க வேண்டியதைவிடப் பல மடங்கு கனத்தது. கையை இறக்கியது.

வாய் மூட்டையைப் பற்றிக் கேட்டேன். மேஸ்திரி ஒளிக்கவில்லை. மில்லைக் கழுவ உமி போட்டு ஓட்ட வேண்டும், உமிக்கும் நேரத்துக்கும் காசு கொடுக்க யாரும் ஒத்துக்கொள்வதில்லை, அதனால் அடுத்து வருகிற சரக்கையே போட்டுக் கழுவுகிறார்கள். முதல் மூட்டையை ஏன் கொட்டிவிடக் கூடாது? எடை குறையும். இலையும் பட்டையும் இத்தனை எடை உள்ளே போனது, பொடி இத்தனை எடை வெளியே வர வேண்டும். குறைந்தால் மில்லுக்காரன் திருடிவிட்டான் என்பார்கள். அதனால் தனியாகக் கட்டி, தனி என்று சொல்லியே அனுப்புகிறார்கள்.

"அங்க போயி இன்னா பண்றாங்கோ தெரியுமா?"

"இன்னா பண்ணுவாங்கோ? குப்பைல கொட்டுவாங்கோ. இல்லன்னா பொம்பளைங்கோ கோலத்துக்குச் செம்மண்ணு மாதிரி வச்சிக்குவாங்கோ."

"துன்றாங்கோ மேஸ்திரி."

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மில் சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லை என்பதுபோல் காதைக் கொண்டுவந்து, "இன்னா?" என்றார். மறுபடி சொன்னேன். உள்ளே போய் வாய் கொப்பளித்துத் துப்பிவிட்டு வந்தார். எல்லாரும் அவரவர் வேலையை ஒழுங்காகத்தான் செய்திருக்கிறார்கள். மேஸ்திரி எடையைச் சரியாக அனுப்பினார், கெமிஸ்ட் நல்ல மூட்டையைச் சரியாகச் சோதித்தார், அலுவலகத்துக்காரர் சட்டத்தைச் சரியாகச் சொன்னார். நடுவில் இருக்கிற ஓட்டையில் என் அக்கா உட்கார்ந்திருந்தாள், கரண்டியோடு.

கிளம்பும்போது மேஸ்திரி, "மருந்து லோடு போட ஆளு இல்ல. இவனும் நாளையோட ஊருக்குப் போறான். வேலை கீலை வோணுமா?" என்றார். உங்கள் வேலையில் மண்ணைப் போடுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். ஆரஞ்சுக் கட்டி மட்டும் என் சட்டைப் பையில் இருந்தது.

வீட்டுக்குப் போனபோது வெயில் இறங்கியிருந்தது. அக்கா வாசலில் உட்கார்ந்து ரேஷன் அரிசி அரித்துக்கொண்டிருந்தாள். கல் நிறைய வந்திருந்தது. அலுமினியச் சட்டியை இடது கையால் ஆட்டி ஆட்டி, மேலே வருகிற அரிசியைத் தண்ணீரோடு இன்னொரு சட்டிக்குச் சாய்ப்பாள். கல் அடியில் நின்றுவிடும். தொங்குகிற கையை மடியில் வைத்திருந்தாள். ஷெட்டில் கூட வேலை செய்கிற பக்கத்து வீட்டு அம்மா சட்டியின் அந்தப் பக்கத்தைப் பிடித்துக்கொடுத்தாள்.

"கம்பெனிக்குப் போயி சண்டை வலிச்சியாமே?" என்றாள் அக்கா, நிமிராமல். ஷெட் முழுக்க அதற்குள் சேதி பரவியிருந்தது. "சூப்பர்வைசரு பேஜாராப் பூட்டாரு. என் வேலைக்கு ஒல வைக்கறதுக்குன்னே ஊரச் சுத்திட்டு வந்தியா நீ?"

நடந்ததைச் சொன்னேன். மில்லைச் சொன்னேன், பெயின்ட்டைச் சொன்னேன்.

"எந்த வேலைல நீ நெலையா நின்னுகீற, உன் பேச்சக் கேட்டு நான் வேலைய உட்றதுக்கு? எட்டாங்கிளாஸ் பெயிலு, கெமிஸ்ட்டுக்குப் பாடம் எடுக்கப் போச்சாம்."

"அந்தக் கெமிஸ்ட்டே சொன்னாருக்கா, அது மில்லைக் கழுவற பொடின்னு."

"உடுமே" என்றாள் பக்கத்து வீட்டு அம்மா அக்காவிடம். "ஆம்பளைக்கு இன்னா தெரியும் பொம்பளைங்கோ பொடியப் பத்தி? மாசமா கீற என் பொண்ணுக்கே நான் அத்தத்தான் கொடுத்துகினு கீறேன். மொகம் பார்த்தியா அதுக்கு, லட்டு மாரி."

அதைக் கேட்டதும் எனக்கு என்ன ஆனது என்று தெரியவில்லை. பையிலிருந்த கட்டியை எடுத்து அவர்கள் நடுவில் தரையில் போட்டேன். சிமென்ட்டில் டொக்கென்று விழுந்தது. ஓரம் உடைந்து ஆரஞ்சாகச் சிதறியது.

"தூக்கிப் பாருங்கோ. இதுதான் அந்தப் பொடில கீது."

அக்கா இடது கையால் எடுத்தாள். கை கீழே போனது. அவள் முகத்தில் ஏதோ நகர்ந்தது. ஆனால் வீம்பை விடவில்லை.

"இம்மாங் கனம் இருந்தா எனக்குத் தெரியாதா? கொண்டா அந்தக் கவர. அரிச்சே காட்டறேன், ஒண்ணும் இல்லன்னு."

என்னை வாயடைக்கத்தான் சொன்னாள். சட்டியைக் கழுவி, பொடியை முழுக்கக் கொட்டி, தண்ணீர் விட்டாள். கல் அரிக்கிற அதே ஆட்டல். சிறு வயசிலிருந்து செய்வது, ஒரு கையாலும் பிசகவில்லை. இலைத் தூள் முதலில் மிதந்து போனது. அப்புறம் பட்டை. காவி தண்ணீரைக் கலங்க வைத்து மெதுவாகப் போனது. மறுபடி தண்ணீர், மறுபடி ஆட்டல், மறுபடி சாய்ப்பு. கடைசியில் தண்ணீர் தெளிந்தபோது சட்டியின் அடி வளைவில் பிறை மாதிரி ஒரு கோடு நின்றது. சாய்த்தாலும் ஓடவில்லை. காவியின் மங்கலான சிவப்பு அதில் இல்லை. ஆரஞ்சு. அவள் தரையில் சிதறிக் கிடந்ததைப் பார்த்தாள், சட்டியைப் பார்த்தாள். விரல் வைத்துத் தேய்த்தாள்.

இதை ஒரு சோதனை என்று எந்த டாக்டரும் ஒத்துக்கொள்ள மாட்டார். தெரியும். எனக்கு டாக்டர் ஒத்துக்கொள்ள வேண்டியதில்லை. அவள் ஒத்துக்கொள்ள வேண்டும்.

பக்கத்து வீட்டு அம்மா எழுந்து ஓடினாள். அவள் வீட்டுக்குள் டப்பா உருளுகிற சத்தமும், "துப்புடி, துப்புன்றேன்ல" என்று மகளை அதட்டுவதும் கேட்டது.

அக்கா சட்டியை மடியில் வைத்துக்கொண்டே இருந்தாள். "கை தொங்குதேன்னு ஒரு கரண்டி சேத்துப் போட்டுக்கினேனே" என்றாள். என்னிடம் கேட்கவில்லை. சட்டியைக் கீழே வைத்துவிட்டு, "ஆஸ்பத்திரில படுக்கறேன்" என்றாள். அப்புறம்தான் அவளுக்கு மற்றவர்கள் ஞாபகம் வந்தார்கள்.

"சனிக்கெழம மறுபடி கொடுப்பாங்கோடா. அவளுங்கோ கிட்ட நான் சொன்னா நம்ப மாட்டாளுங்கோ. தனக்கு இல்லன்னு வயித்தெரிச்சல்ல சொல்றான்னுவாளுங்கோ. நானே அப்பிடித்தான் சொல்லுவேன்."

ஒவ்வொருத்தி வீட்டு வாசலிலும் போய் அரித்துக் காட்டலாம் என்றேன். பாதிப் பேர் மீஞ்சூர்ப் பக்கம், பாதிப் பேர் முகத்துவாரக்குப்பம், எத்தனை பேர் கதவைத் திறப்பார்கள் என்றாள். அதற்குள் லோடு வந்துவிடும்.

மறுநாள் காலை பக்கத்து வீட்டு அம்மா லீவு போட்டுவிட்டு, மகளையும் அக்காவையும் இட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினாள். ஆட்டோவில் ஏற்றிவிட்டு நான் மில்லுக்கு நடந்தேன். மேஸ்திரி டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"வேலைல மண்ணப் போடச் சொன்ன?"

"போடத்தான் வந்துகீறேன்."

ஈரத் துண்டை மூக்கோடு சேர்த்துக் கட்டிக்கொண்டேன். அது எவ்வளவு தடுக்கும் என்று எனக்குத் தெரியும். மீதமிருந்த ஆரஞ்சுக் கட்டிகளை நானும் பழைய ஆளும் உடைத்துப் போட்டு முடித்தோம். மதியத்துக்கு முன்னால் மருந்து லோடு இறங்கியது. மில் வாயில் சாக்கை மாட்டிவிட்டு இலையையும் பட்டையையும் காவிக்கல்லையும் கொட்டினேன். முதல் மூட்டை நிறைந்தது. அவ்வளவு அழகான சிவப்பு. அவர்கள் ஏன் சண்டை போட்டார்கள் என்று புரிந்தது.

கொட்டகைக்குப் பின்னால் மில்லின் பேரிங்கில் வடித்த கழிவு ஆயில் ஒரு டின்னில் இருந்தது. மூட்டையை இழுத்துப் போய் வாயைப் பிரித்து, ஆயிலை ஊற்றி, கம்பால் அடிவரை கிளறினேன். சிவப்பு செத்து, தார் மாதிரி கறுப்பாக ஆனது. நாற்றம் கண்ணில் எரிந்தது. இனி இதைக் கரண்டியில் எடுக்க எவளுக்கும் மனசு வராது. வாயைக் கட்டித் தராசில் ஏற்றினேன்.

மேஸ்திரி பின்னாலேயே வந்து நின்றார். தராசைப் பார்த்தார். எடை குறையவில்லை. கூடித்தான் இருந்தது.

"கம்பெனிக்காரன் கேட்டா இன்னா சொல்றது?"

"மில்லைக் கழுவுன பொடின்னு சொல்லுங்கோ. அவங்கோ சொல்றதுதானே."

இரண்டாவது சாக்கு வாயில் மாட்டியிருந்தது. அதில் விழ ஆரம்பித்த பொடியைக் கையில் ஏந்திப் பார்த்தேன். அந்தத் தூக்கலான சிவப்பு கொஞ்சம் மங்கியிருந்தது, ஆனால் போகவில்லை. டின்னைத் தூக்கினேன்.

"டேய், எத்தினி மூட்டைக்குடா ஊத்துவ?"

"அது போற வரைக்கும்" என்றேன். இரண்டாவது சாக்கை வாயிலிருந்து கழற்றினேன்.